புழு செய்த பாவம் என்ன?

(திருப்பூர் ராயபுரத்தில் பனியன் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமத்தார்களும் கூடிய கூட்டத்தில் நாம் பேசியதன் விவரம்)



இன்றையக் கூட்டத்தில் நாம் புழுவைப்பற்றிப் பேசப்போவதாக நோட்டீசில் கண்டதைப் பார்த்துச் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். சிரிப்பதில் யாதொரு குற்றமுமில்லை. கூலி, வீட்டு வாடகை, நூல் விலை, சாயத் தண்ணீர் என்று எத்தனையோ விஷயங்கள் இருக்க, ஒரு அரிசியின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத புழுவைப்பற்றிப் பேச ஒருவன் வருகிறான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் வீடுகளில் இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்கிற ஒரு கேள்விக்கு, வேதமும் புராணமும் ஜோசியமும் சொல்லாத பதிலை அந்தப் புழு சொல்லியிருக்கின்றது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால் பிறகு சிரிக்கமாட்டீர்கள்.

அந்தக் கேள்வி என்னவென்றால், பிறக்கும்போதே தலை நிற்காமல் கை கால் துவண்டு பிறக்கிற குழந்தைக்கும், நன்றாய் ஓடியாடிக்கொண்டிருந்து நாலைந்து வயதில் கால் தளர்ந்து விழ ஆரம்பிக்கிற பையனுக்கும் அந்தக் கஷ்டம் எதனால் வந்தது என்பதுதான்.

தயாராயிருக்கும் பதில்

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் வெகு காலமாக ஒரு பதில் தயாராயிருக்கின்றது. அது “முன் ஜென்மத்தில் செய்த பாவம்” என்பதாகும். பேசவும் நடக்கவும் தெரியாத குழந்தை என்ன பாவம் செய்திருக்க முடியும் என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் யாரும் போய்ப் பார்த்துவிட்டு வரமுடியாத முன் ஜென்மம் என்கிற ஒரு ஊரைச் சொல்லிவைத்தார்கள். போய்ப் பார்க்க முடியாத ஊரில் நடந்ததாகச் சொல்லும் குற்றத்துக்குச் சாட்சி ஏது? விசாரணை ஏது? தண்டனை மாத்திரம் இங்கே, கண்ணெதிரே!

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. குழந்தையைவிட்டுத் தாயைப் பிடித்துக்கொள்ளுகிறார்கள். “இவள் வந்த நேரமுங்க, எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு இருந்ததே இல்லீங்க” என்று மாமியார் சொல்லுகிறாள். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்கிறாள் ஒருத்தி. பாம்பை அடித்த தோஷம் என்கிறாள் மற்றொருத்தி. புருஷனும் அதைக் கேட்டுக்கொண்டு வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறான். ஜாதகம் பார்ப்பவன் ஒரு பரிகாரம் சொல்லுகிறான். ஷிப்டுக்கு ஷிப்டு நின்று ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் பரிகாரத்துக்குப் போகின்றது. அது போதாமல் தாலிக்கொடியும் அடகுக்குப் போகின்றது. கடைசியில் வியாதி அப்படியே இருக்கின்றது. பணம் மாத்திரம் இடம் மாறிவிடுகின்றது.

சரி, இந்தப் பதில் பொய் என்று நாம் வெறும் வாயால் சொன்னால், அவர்கள் சொல்லுவதற்கும் நாம் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்? ஆகையால் வாய்ப்பேச்சை விட்டுவிட்டுச் சோதனை செய்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

ஊசி ஒடிந்தால் துணியில் தெரியும்

நிட்டிங் மிஷினில் வேலை செய்கிற தோழர்கள் இங்கு நிறையப்பேர் இருக்கிறீர்கள். வட்டமாகச் சுற்றுகிற அந்த மிஷினில் நூற்றுக்கணக்கான ஊசிகள், பெரிய மிஷினானால் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு ஊசி ஒடிந்துபோனால் என்ன ஆகும்? துணியில் நீளவாட்டில் கோடு விழும். துணியில் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் நீங்கள் மிஷினுக்குக் கற்பூரம் கொளுத்துகிறீர்களா? துணிக்கு முன் ஜென்ம பாவம் என்கிறீர்களா? இல்லையே! மிஷினை நிறுத்தி, ஒடிந்த ஊசி எது என்று தேடி மாற்றுகிறீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கள். ஒரு புதுமாதிரி மிஷின் வருகின்றது. எந்த உறுப்பு எந்த வேலைக்கு என்று சொல்ல ஆளும் இல்லை, புஸ்தகமும் இல்லை. அப்போது புத்தியுள்ள பிட்டர் என்ன செய்வான்? ஒரு உறுப்பை எடுத்துவிட்டு மிஷினை ஓட்டிப் பார்ப்பான். துணியில் என்ன குறை வந்ததோ அதைக் கொண்டு, எடுத்த உறுப்பின் வேலை இன்னது என்று அறிவான். பிறகு அந்த உறுப்பைத் திரும்பப் போட்டு ஓட்டுவான். குறை மறைந்தால் தான் நினைத்தது சரி என்று முடிவு செய்வான். எடுத்துப் பார்ப்பது, திரும்பப் போட்டுப் பார்ப்பது என்கிற இந்த இரண்டே காரியந்தான் நாம் இன்று சொல்லப்போகும் விஞ்ஞானம் முழுவதும். மிஷினுக்குப் பதில் புழு. ஊசிக்குப் பதில் ஜீன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜீன் என்பது என்ன?

ஜீன் என்பதை இப்போது மரபணு என்று புஸ்தகங்களில் எழுதுகிறார்கள். உடம்பு என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு அறைகளால் ஆனது. ஒவ்வொரு அறைக்குள்ளும் டி.என்.ஏ. என்கிற மெல்லிய நூல் சுருண்டு கிடக்கின்றது. அந்த நூலில் நாலே நாலு எழுத்துக்கள் மாறி மாறி வருகின்றன. தாயின் கருமுட்டையிலிருந்தும் தகப்பனின் விந்திலிருந்தும் வருகிற மனித நூலில், ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 300 கோடி எழுத்துக்கள். இந்த நீண்ட எழுத்தில் ஒரு உறுப்புச் சரக்கை எப்படிச் செய்வது என்று சொல்லுகிற ஒரு பகுதிதான் ஒரு ஜீன். கட்டிங் மாஸ்டர் கையிலுள்ள பேட்டர்ன் அட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஒரு துண்டு கிழிந்துபோனால் அதை வைத்து வெட்டுகிற பீஸெல்லாம் குறைபடும். மனிதனுக்குச் சரக்குச் செய்யும் ஜீன்கள் சுமார் 20,000.

புழுவைத் தேர்ந்தெடுத்தவர்

இனிப் புழுவுக்கு வருவோம். இது வயிற்றுப் பூச்சியல்ல, யாரையும் கடிப்பதல்ல. அழுகிய பழத்திலும் எருவிலும் நுண்கிருமிகளைத் தின்று வாழ்கிற ஒரு உருளைப்புழு. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்று அதற்குப் பெயர். நீளம் 1 மில்லிமீட்டர். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளேயிருக்கிற எல்லாம் தெரியும். முட்டையிலிருந்து வெளிவந்து தானே முட்டையிடுவதற்குச் சுமார் 3 நாள். பெரும்பாலான புழுக்கள் ஒரே உடம்பில் ஆணும் பெண்ணுமாயிருந்து தாமே சுமார் 300 குஞ்சுகளைப் பெறுகின்றன. அர்த்தநாரியைப் பார்க்கத் திருச்செங்கோட்டு மலை ஏறுகிறவர்கள் கொஞ்சம் எருவைக் கிளறினால் ஆயிரக்கணக்கில் பார்க்கலாம்!

வளர்ந்த புழுவின் உடம்பில், வித்து அறைகளை நீக்கி, சரியாக 959 அறைகள். அதில் நரம்பறைகள் 302. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறந்தது என்பது முழுவதும் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றது. அதன் ஜீன் எழுத்துக்கள் சுமார் 10 கோடி. அவை முழுவதும் 1998-ல் படிக்கப்பட்டன. பல அறைகளாலான ஜீவன்களில் முதன்முதல் முழுவதும் படிக்கப்பட்டது இந்தப் புழுவின் எழுத்துத்தான். எண்ணிப் பார்த்ததில் அதற்கும் சுமார் 20,000 ஜீன்கள். தோழர்களே! “நாம் சிருஷ்டியின் சிகரம்” என்று மார்தட்டிக்கொள்ளுகிற மனிதனுக்கும், எருவில் நெளிகிற புழுவுக்கும் ஜீன் கணக்கு ஏறக்குறைய ஒன்றே!

இந்தப் புழுவை ஆராய்ச்சிக்கென்று தேர்ந்தெடுத்தவர் சிட்னி பிரென்னர் என்பவர். தென்னாப்பிரிக்காவில் 1927-ல் பிறந்தவர். அவர் தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவர் நம் நாட்டில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நாம் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் 1960-களில் இந்த வேலையைத் தொடங்கி, 1974-ல் முதல் பெரிய கட்டுரையை வெளியிட்டார். 2002-ல் அவருக்கும், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் என்ற மற்றும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பின் இந்தப் புழுவில் தொடங்கிய வேலைக்காக 2006-லும் 2024-லும் நோபல் பரிசு வந்தது. 2008-ல் பரிசு பெற்ற பச்சை ஒளி வேலையிலும் புழுவுக்குப் பங்குண்டு.

துண்டை எப்படி நீக்குகிறார்கள்?

ஆதியில் மருந்துகளைக் கொடுத்து ஜீன்களில் எங்கேயாவது சேதம் உண்டாக்கி, எந்தப் புழுவில் எது போயிற்று என்று ஆயிரக்கணக்கான புழுக்களில் தேடினார்கள். அமெரிக்காவில் ஒக்லஹோமாவிலும், கனடாவில் வான்கூவரிலும், ஜப்பானில் டோக்கியோவிலும் இதற்கென்றே கூட்டங்கள் அமைத்து வருஷக்கணக்காய் வேலை செய்து, ஆயிரக்கணக்கான ஜீன்களுக்கு, அந்த ஜீனில் துண்டு போன புழு இது என்று தனித்தனியே வளர்த்து வைத்தார்கள்.

2012-க்குப் பின் கிரிஸ்பர் என்கிற கத்திரிக்கோல் கைக்கு வந்தது. நுண்கிருமிகள் தங்களைத் தாக்க வருகிற வைரசை வெட்டுவதற்கு வைத்திருந்த கத்திரியைத்தான் மனிதன் எடுத்துத் தன் வேலைக்குப் பழக்கிக்கொண்டான். இதற்காக 2020-ல் இரண்டு பெண்மணிகளுக்கு, அதாவது சார்பென்டியருக்கும் டவுட்னாவுக்கும், நோபல் பரிசு கிடைத்தது. பெண் கிரகணத்தில் வெளியே வந்தால் குற்றம் என்கிற நாட்டில் இதையும் நாம் சொல்லிவைக்க வேண்டியிருக்கின்றது.

மயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்தக் கத்திரியைப் புழுவின் கர்ப்பப் பகுதிக்குள் செலுத்துகிறார்கள். குறிப்பிட்ட ஜீனை மாத்திரம் அது வெட்டுகின்றது. வெட்டிய இடத்தில் ஒரு அடையாளத் துண்டைப் பொருத்துகிறார்கள். அதன் பலனாகக் குஞ்சுப் புழுவின் தொண்டை பச்சையாய் ஒளிவிடும். மற்றப் புழுக்களைக் கொல்லுகிற மருந்தையும் அது தாங்கும். ஆகவே எந்தக் குஞ்சில் ஜீன் நீங்கியது என்று தேடித் திரியவேண்டியதில்லை. தொண்டை வெளிச்சமே சொல்லிவிடும். இப்போது நடந்துவருகிற புது வேலை என்னவென்றால், மனிதனுக்கு வியாதி கொடுக்கின்றன என்று தெரிந்த ஜீன்களுக்குப் புழுவில் ஒத்த ஜீன்கள் எவையோ, அவைகளாகப் பார்த்து ஒவ்வொன்றாய் நீக்குவதாகும்.

அதனால் என்ன கண்டார்கள்?

இரண்டு வியாதிகளைச் சொல்லுவோம். முதலாவது, நாம் ஆரம்பத்தில் சொன்ன கை கால் துவண்ட குழந்தையின் வியாதிகளில் ஒன்று. முதுகுத்தண்டு நரம்பறைகள் மடிந்து தசை சூம்புகிற நோய். ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.எம்.ஏ. என்பார்கள். சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகின்றது. எஸ்.எம்.என். என்ற ஜீனில் ஒரு துண்டு இல்லாமற் போவதே பெரும்பாலும் காரணம் என்பதை 1995-ல் பாரிசில் கண்டார்கள்.

புழுவிலும் அதற்கொத்த ஜீன் இருக்கின்றது. அதை நீக்கிய புழுக்களை ஒக்லஹோமாக் கூட்டத்தார் உண்டாக்கினார்கள். என்ன நடந்தது? குஞ்சு பிறந்தது, முதலில் நன்றாகவே நெளிந்தது. பிறகு நெளிவு தளர்ந்தது, இரையை இழுக்கிற தொண்டையின் அசைவு குறைந்தது, வளர்ச்சி நின்றது, முடிவில் செத்தது. முதலில் எப்படி நன்றாயிருந்தது என்று பார்த்தார்கள். தாய்ப்புழு முட்டைக்குள் வைத்து அனுப்பிய சரக்கு தீரும்வரை அது தாங்கிற்று! கேட்டீர்களா, தாய்மார்களே? வியாதியைத் தாய் கொண்டுவந்தாள் என்று நம் வீடுகளில் பேசுகிறார்கள். புழுவின் கதையோ, முதல் சில நாள் காப்பாற்றியதே தாய்தான் என்று காட்டுகின்றது.

பிறகு பிட்டர் செய்கிற இரண்டாவது காரியத்தையும் செய்தார்கள். நல்ல ஜீனை அந்தப் புழுவின் நரம்புகளுக்கு மாத்திரம் திருப்பிக் கொடுத்தார்கள். ஓரளவு குணமாயிற்று. யாதொரு பரிகாரமும் இல்லை; எந்தக் கிரகமும் இடம் பெயரவில்லை. போன துண்டு வந்தது. போன பலமும் ஓரளவு வந்தது.

இரண்டாவது, டுஷேன் தசைச்சிதைவு. சில ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகின்றது. நாலைந்து வயதில் பையன் மாடிப்படி ஏறத் திணறுவான். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி எழுவான். பெரும்பாலும் 12 வயதுக்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவான். டிஸ்ட்ரோபின் என்ற சரக்குக்கான ஜீன் பழுதுபட்டதே காரணம் என்று 1987-க்குள் தெரிந்துவிட்டது. மனிதனின் ஜீன்களில் மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று. 20 லட்சம் எழுத்துக்களுக்கு மேல். நீளமான துணியில் கிழிசல் விழ இடம் அதிகமல்லவா? இந்நோய் கண்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த ஜீனில் ஒரு துண்டே காணாமற் போயிருக்கின்றது.

புழுவின் ஒத்த ஜீனைப் பழுதாக்கியபோது, புழு தலையை அளவுக்கு மீறி வளைத்துக்கொண்டு பரபரப்பாய் ஓடிற்று. அதனுடன் தசை சம்பந்தமான இன்னொரு ஜீனையும் பழுதாக்கியபோது தசைகள் சிதைந்தன. பிரான்சு தேசத்தார் அந்தப் புழுக்களுக்குப் பல மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து, பிரட்னிசோன் என்ற மருந்து சிதைவைக் குறைக்கின்றது என்று 2004-ல் கண்டார்கள். இந்த நோயுள்ள பையன்களுக்கு வைத்தியர்கள் முன்பே கொடுத்துவந்த மருந்து அது! மனிதனுக்குப் பலன் கொடுத்தது புழுவுக்கும் கொடுத்தது.

இப்போது நாம் கேட்கிறோம். திங்கட்கிழமை ஒருவர் கத்திரியைச் செலுத்துகிறார். சில நாளில் பிறக்கிற குஞ்சுகளில் வியாதி வருகின்றது. இது எந்த ஜென்மத்துப் பாவம்? அந்த ஜீனையே நீக்கிய புழுக்கள் எல்லாவற்றிலும் அதே வியாதி. நீக்காத உடன்பிறப்புக்குச் சுகம். பாவ புண்ணியக் கணக்கு எழுதுகிற சித்திரகுப்தன், ஆராய்ச்சிசாலையில் யார் எந்த ஜீனை வெட்டப்போகிறார் என்று கேட்டுக்கொண்டா கணக்கு எழுதுகிறான்?

“புழு வேறு, மனிதன் வேறு” என்பவர்களுக்கு

சிலர், “புழுவுக்கு நடந்தது மனிதனுக்கு எப்படிப் பொருந்தும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதுமையில் நினைவு தப்புகிற அல்ஷைமர் நோய் சில குடும்பங்களில் இளவயதிலேயே வருவதுண்டு. அதற்குக் காரணமான பிரிசெனிலின் என்ற மனித ஜீனுக்கு ஒத்த ஜீன் புழுவிலும் இருப்பது 1995-ல் தெரிந்தது. அந்த ஜீன் கெட்ட புழுவுக்கு மனிதனுடைய ஜீனை எடுத்துக் கொடுத்தார்கள். புழுவின் குறை நீங்கிற்று! மனித ஜீன் புழுவின் உடம்புக்குள் போய், “இது ஈனப்பிறவி, இதற்கு நாம் உழைக்கலாமா?” என்று கேட்கவில்லை. புழுவுக்கும் மனிதனுக்கும் இடையே சரக்கு ஒத்துப்போகும்போது, மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் பிறவியிலேயே மேலும் கீழும் உண்டு என்கிறவர்கள் எந்த முகத்தைக்கொண்டு பேசுவார்கள்?

ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். புழுவுக்கு எலும்பில்லை, ரத்தமில்லை, இருதயமில்லை, நுரையீரலில்லை. புழு ஜீன்களில் நூற்றுக்குச் சுமார் 40-க்குத்தான் மனிதனில் ஒத்தவை தெளிவாகக் காணப்படுகின்றன. புழுவில் பலித்த மருந்தெல்லாம் மனிதனுக்குப் பலிக்கும் என்று யாராவது விற்க வந்தால் அவனும் ஒரு பரிகாரக்காரனே. எஸ்.எம்.ஏ.வுக்கு 2016 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்துள்ள மருந்துகளும் புழு தந்தவையல்ல. புழு செய்கிற உதவி, எந்த ஊசி எந்தக் கோட்டுக்குக் காரணம் என்று சீக்கிரமாகவும் குறைந்த செலவிலும் காட்டுவது. அதற்குமேல் எலியிலும் மனித அறைகளிலும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தன் அளவு இன்னது என்று தானே சொல்லுவது விஞ்ஞானம். எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லுவது ஜோசியம்.

நாலில் ஒரு பங்குக் கணக்கு

புழு இன்னொரு கணக்கையும் காட்டுகின்றது. பெரும்பாலான ஜீன்களுக்குத் தாய் வழியில் ஒன்றும் தகப்பன் வழியில் ஒன்றுமாக இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று கெட்டு மற்றொன்று நன்றாயிருந்தால் பல வியாதிகளில் ஆள் சுகமாகவே இருப்பான். அப்படி ஒன்று கெட்ட புழு தானே பெறுகிற 300 குஞ்சுகளை எண்ணினால், சுமார் 75 குஞ்சுகளுக்கு இரண்டும் நல்லது. சுமார் 150-க்கு ஒன்று கெட்டது. மீதி 75-க்கு இரண்டும் கெட்டது. மெண்டல் என்பவர் பட்டாணிச் செடியில் 1865-ல் சொன்ன கணக்கு இதுதான்.

எஸ்.எம்.ஏ.வும் இப்படியே. சுமார் 40, 50 பேரில் ஒருவர் அதன் கெட்ட பிரதி ஒன்றைத் தமக்கே தெரியாமல் சுமக்கிறார். அப்படிப்பட்ட இருவர் கலியாணம் செய்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் காசு புதிதாய்ச் சுண்டப்படுகின்றது. இதில் பாதி தகப்பன் கொடுத்தது என்பதை மாமியார்மார் தயவுசெய்து கவனிக்கவேண்டும்!

சொந்தத்துக்குள் கலியாணம் செய்கிற வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் கலியாணமான பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் என்று 2019-21-ல் சர்க்கார் எடுத்த குடும்பநலக் கணக்குக் காட்டுகின்றது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் ஜீன்களில் நாலில் ஒரு பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு பொது. ஒரே கெட்ட பிரதி இரண்டு பேரிடமும் இருக்கிற சந்தர்ப்பம் அன்னியத்தைவிட இதில் அதிகம். பத்துப் பொருத்தம் பார்க்கிறவன் இந்தப் பொருத்தத்தைப் பார்த்தானா? சொத்து வெளியே போகக்கூடாது என்று கட்டிவைக்கிறோம். அதோடு கெட்ட பிரதியும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே தங்குகின்றது.

டுஷேன் நோய் இந்தக் கணக்கில் சேராது. அந்த ஜீன், ஆண் பிள்ளைக்குத் தாய் வழியில் மாத்திரம் வருகிற எக்ஸ் நூலில் இருக்கின்றது. உடனே, “பார்த்தீர்களா, தாய்தான் காரணம்” என்று குதிக்கவேண்டாம். சுமார் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயிடமும் அந்தக் கேடு இல்லை. பிரதி எடுக்கும்போது புதிதாக விழுந்த தப்பு அது. மற்றத் தாய்மார்களுக்கும் அது அவர்கள் கேட்டு வாங்கியதல்ல; அவர்களுக்கும் ஒரு தாயோ தகப்பனோ அறியாமல் கொடுத்தது. எழுத்துப் பிழைக்கு எழுதினவரைக் கழுவேற்றுவதுண்டா?

இந்தப் புழுக்கள் எங்கே இருக்கின்றன?

இவ்வளவு சிரமப்பட்டு உண்டாக்கிய புழுக்களை அவர்கள் ரகசியமாகப் பூட்டிவைத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். நம் நாட்டில் ஒரு பச்சிலை தெரிந்தவன்கூடச் சாகும்வரை மகனுக்கும் சொல்லமாட்டானே! ஆனால் இந்தப் புழுக்களை உறையவைத்து வருஷக்கணக்காய்ச் சேமிக்கலாம். வெதுவெதுப்பாக்கினால் மறுபடி நெளியும். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு பண்டகசாலை இருக்கின்றது, டோக்கியோவிலும் இருக்கின்றது. எந்தத் தேசத்து ஆராய்ச்சிசாலை கேட்டாலும் சிறு கட்டணத்தில் அனுப்பிவைக்கிறார்கள். கேட்பவன் எந்த ஜாதி, எந்த மதம் என்ற கேள்வியில்லை.

நம் நாட்டிலும் மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்திலும், லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்திலும், நமது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் இந்தப் புழுவை வைத்து ஆராய்ச்சி நடந்திருக்கின்றது. இங்கே பனியன் தைக்கிற தாயின் மகளும் நாளைக்கு அங்கே போய்ப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். படிப்பை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

நாம் செய்யவேண்டியது என்ன?

தோழர்களே! குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, பையன் அடிக்கடி விழுகிறான் என்று கண்டால், முதல் நாளே குழந்தை வைத்தியரிடம் போங்கள். ஜீன் சோதனை உண்டா என்று வாய் திறந்து கேளுங்கள். தூரமில்லை, கோயமுத்தூரிலேயே எம்.டி.சி.ஆர்.சி. என்ற நிலையம் தசைச்சிதைவு நோய்க்கு ஜீன் சோதனையும் ஆலோசனையும் செய்துவந்திருக்கின்றது. ஒரு குழந்தைக்கு வந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு முன்பே தாயும் தகப்பனும் சோதித்துக்கொள்ளலாம். சொந்தத்தில் கலியாணம் பேசுகிறவர்கள், குடும்பத்தில் முன்பு இப்படி யாராவது இருந்தார்களா என்று மறைக்காமல் விசாரியுங்கள்.

மருந்தின் விலையைப்பற்றியும் கேட்பீர்கள். எஸ்.எம்.ஏ.வுக்கு 2019-ல் அமெரிக்காவில் வந்த ஒரே ஊசி மருந்துக்கு 21 லட்சம் டாலர் விலை வைத்தார்கள். நம் சர்க்கார் 2021-ல் அபூர்வ நோய்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டு, 2022-ல் ஒரு நோயாளிக்கு 50 லட்ச ரூபாய் வரை உதவி என்று அறிவித்தது. இரண்டு தொகைக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விதி என்று நம்புகிறவன் இந்தத் தூரத்தைப் பார்த்து அழுதுகொண்டு வீட்டுக்குப் போவான். காரணம் தெரிந்தவனோ, “ஊசி ஒடிந்தது தெரியும், மாற்று ஊசி இருப்பதும் தெரியும், அதை ஏழைக்கு எட்டவிடாமல் வைத்திருப்பது யார்?” என்று கேட்பான். அந்தக் கேள்வியை நீங்கள் எல்லோரும் கேட்கவேண்டும்.

நாம் சொன்னோம் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டாம். படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள், வைத்தியரிடம் கேளுங்கள், நாம் சொன்ன வருஷங்களையும் கணக்குகளையும் சரிபாருங்கள். இந்தச் சோதனைகளையே எந்தத் தேசத்தில் யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கலாம் என்பதுதான் இதன் யோக்கியதை. முன் ஜென்மத்தை அப்படித் திரும்பப் பார்க்க முடியுமா?

இன்று இங்கிருந்து வீட்டுக்குப் போகிறவர்களில், நோயுள்ள குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இத்தனை நாளாய்த் தலைகுனிந்து நடந்த ஒரு தாய் இருந்தால், அவள் நாளை முதல் தலைநிமிர்ந்து நடக்கவேண்டும். அவளைப் பழித்தவர்கள் இருந்தால், அவர்கள் தலைகுனிய வேண்டும்.